இடது கைத் தட்டு

அண்ணன் டிரம்ஸ் வாசிப்பான். தங்கை அதைப் பதிவு செய்வாள். பதினாறு வருடமாக ஒரே ஸ்டூடியோ. பெரிய கிக் டிரம்முக்குள் ஒரு மைக், தலைக்கு மேலே இரண்டு, மடிக்கு முன்னால் இருக்கும் ஸ்நேர் டிரம்மின் தோலுக்கு இரண்டு விரல் உயரத்தில் ஒன்று. கண்ணைக் கட்டிவிட்டாலும் வைத்துவிடுவாள்.

அன்று காலை முதல் பாட்டிலேயே அவளுக்கு ஏதோ உறுத்தியது. ஸ்நேரில் இடது கை மெல்லத் தட்டும் இடங்களில் ஒரு தட்டு ஒன்றரையாகக் கேட்டது. குச்சி எழும் முன் தோலை இன்னொரு தரம் உரசுவதுபோல. மைக்கைச் சாய்த்துப் பார்த்தாள். ஓர் அங்குலம் தூக்கினாள். வயரை மாற்றினாள். வேறு மைக்கே வைத்தாள். சனியன் போகவில்லை.

"என்னடி, மைக்கோட குடும்பம் நடத்துறியா?" என்று சிரித்தான் அண்ணன்.

மறுபடி மைக் அருகே குனிந்தபோதுதான் பார்த்தாள். அவன் தொடைமேல் சும்மா கிடந்த இடது கையில் கட்டைவிரல் மட்டும் தானாக ஆடிக்கொண்டிருந்தது. அப்பாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. கடைசி மூன்று வருடம் அவர் வாயில் டம்ளரை வைத்துப் பிடித்தவள் இவள்தான். 

ஸ்நேர் மைக்கைக் கழற்றினாள். அறையின் கோடியில் ஆள் உயரத்தில் ஒரு மைக்கை நிறுத்தினாள். அத்தனை தூரத்தில் சின்னத் தட்டெல்லாம் அறைக்குள்ளேயே கரைந்துவிடும்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்ட இசையமைப்பாளர் முகம் சுளித்தார். "கிணத்துக்குள்ள வாசிச்ச மாதிரி இருக்கேம்மா."

"இந்தப் பாட்டுக்கு இது போதும் சார்."

அண்ணன் எழுந்து கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். "பக்கத்து மைக் எங்க?"

"கெட்டுப்போச்சு."

"என் காதுலயே பூ சுத்தாத. திருப்பி வை."

"வேணாம்ணா."

"வைன்னு சொல்றேன்ல."

வைத்தாள். வாசித்தான். பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஸ்நேரை மட்டும் தனியாகப் போடச் சொன்னான். அசையாமல் கேட்டான். இசையமைப்பாளர் ஏதோ சாக்குச் சொல்லி வெளியே போய்விட்டார்.

"ஆறு மாசமாத் தெரியும்," என்றான் அண்ணன். "சட்டை பட்டன் போட வரல. வாசிக்கும்போது மட்டும் தெரியாதுன்னு நெனச்சேன்."

"அண்ணிக்குத் தெரியுமா?"

"பட்டன் போட்டு விடுறதே அவதான்."

அவள் அழுதுவிட்டாள். அவன் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தான். "சார்கிட்ட நானே சொல்லிடுறேன். நீ வேற ஆளப் பாரு."

அடுத்த வாரம் டாக்டரும் அப்பாவுக்குச் சொன்ன அதே நோயின் பெயரைத்தான் சொன்னார். பாட்டு இன்னொருவர் கையால் வெளிவந்தது. நன்றாகவே இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

பாட்டு வெளிவந்த அன்று மதியம் அண்ணன் போன் செய்தான். "கேட்டேன். ஸ்நேர் நல்லா விழுந்திருக்கு. யாரு வாசிச்சது?"

சொன்னாள்.

"நல்ல கை," என்றான். மேலே ஏதோ சொல்ல வந்தான். அதற்குள் போன் தரையில் விழுந்த சத்தம் கேட்டது. அண்ணிதான் எடுத்தாள். "அப்புறம் பேசுறோம்மா," என்று சொல்லி அணைத்துவிட்டாள்.