உள்பக்கம் தைத்த சமிக்கி

முனீஸ்வரியின் ஜாக்கெட்டில் சமிக்கி உண்டு. வெளியே தெரியாது. இடுப்புப் பட்டிக்கு உள்பக்கமாகச் சிவப்புச் சமிக்கியில் ஒரு வரிசை தைத்து வைத்திருந்தாள். குனிந்து நிமிர்ந்தால் விலாவில் பிறாண்டும். வியர்த்தால் எரியும். எரியட்டும் என்று விட்டுவிட்டாள்.

பழங்காநத்தத்தில் ஒரு தையல் கடையில் கல்யாண ஜாக்கெட்டுகளுக்குச் சமிக்கி வைப்பது அவள் வேலை. அதற்கு முன்னால் ஆடல் பாடல் குழுவில் ஆடிக்கொண்டிருந்தாள். திருவிழாக் காலத்தில் ஆரப்பாளையத்திலிருந்து வேன் கிளம்பும். முழங்கை வரைக்கும் கையுறை, காதை நோக்கி இழுத்துவிட்ட கண்மை, ரத்தச் சிவப்பில் உதடு, தலையில் சாயம் முக்கிய கோழி இறகு. கால் வீங்கும். குடித்தவன் மேடையேறி நோட்டைச் சட்டையில் குத்துகிற சாக்கில் ஊசியைச் சதையில் ஏற்றுவான். அதெல்லாம் இருந்தும், விளக்கு முகத்தில் அடிக்கிற நேரத்தில் உடம்பு அவளுடையதாக இருந்தது. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

அந்தக் குழுவுக்கு மைக்செட் பெட்டி தூக்க வந்த மருதுதான் அவளைக் கட்டிக்கொண்டான். சொந்தக்காரர்களிடம் நூல் மில்லில் வேலை பார்த்த பெண் என்று சொல்லி வைத்தார்கள். மாமியார் ராமக்காள் முதல் நாளே ஒரு வரி சொல்லிவிட்டாள். மகள் மீனா பிறந்த பிறகு இன்னொரு வரியைச் சேர்த்துக்கொண்டாள்.

"மேடையில ஆடுன கதை வெளிய போச்சு, அன்னிக்கே நீ உங்க ஆத்தா வீட்டுக்கு நடையக் கட்டணும். புள்ள இங்கதான் இருக்கும்."

மீனாவுக்கு இப்போது நாலு வயது.

டி. கல்லுப்பட்டியில் மருதுவின் அக்கா மகள் தமிழ்வாணிக்குக் கல்யாணம். தாலி கட்டி முடிந்து, மத்தியான வரவேற்புக்குப் பெண்ணை அலங்கரிக்கிற வேலை முனீஸ்வரிக்கு வந்தது. தமிழ்வாணி செல்போனில் ஒரு படத்தைக் காட்டினாள். வெள்ளைக்காரி ஒருத்தி, கையுறையும் சமிக்கியும் இறகுமாக நின்றாள்.

"அந்தக் காலத்து வெளிநாட்டு மேடைக்காரிக ஸ்டைலு அத்த. இப்ப இத ஆபீசுக்கே போட்டுட்டுப் போறாக. எனக்கு இப்படித்தான் வேணும்."

முனீஸ்வரி படத்தைப் பார்த்தாள். அதே கண்மை. அதே கையுறை. இறகு மட்டும் கொஞ்சம் ஒசத்தி.

ஒரு மணி நேரத்தில் தமிழ்வாணி வேறு ஆளாக எழுந்தாள். பின்முதுகு இறங்கிய சமிக்கி ஜாக்கெட், முழங்கை வரை வலைக் கையுறை, கொண்டையில் இறகு. அவளுடைய அம்மா தமிழ்ச்செல்வி கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். "சினிமாக்காரி தோத்தா, போ."

ராமக்காளும் பேத்தியைப் பார்த்துப் பூரித்துப்போனாள். "என் ராசாத்தி." சொல்லிவிட்டு மருமகளின் காப்பிக்கலர் சேலையை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பந்திப் பக்கம் போனாள்.

அவள் தலை மறைந்ததும் தமிழ்வாணி உதட்டுச்சாயத்தை எடுத்துக்கொண்டு முனீஸ்வரியின் தாடையைப் பிடித்தாள். "எனக்கு இம்புட்டு செஞ்சீகள்ல. ஒரே ஒரு இழுப்பு அத்த."

"வேணாம்டி. உங்க அம்மாச்சி கொன்னுரும்."

"எங்க அம்மாச்சிய நான் பாத்துக்கிறேன். வாய ஆட்டாதீக."

உதட்டில் சிவப்பு ஏறியது. துடைப்பதற்குள் மைக்கில் கூப்பிட்டுவிட்டார்கள். பெண்ணின் தாய்மாமன் வீட்டு ஆட்கள் போட்டோவுக்கு வரவேண்டும்.

மேடைப் படியில் கால் வைத்தாள். போட்டோக்காரரின் விளக்கு நேராக முகத்தில் அடித்தது. அவள் கை தானாகக் கீழே போனது. விரல் நுனியால் மேடையைத் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டது.

ஆடுகிற எவளும் அதைச் செய்யாமல் மேடை ஏறமாட்டாள். ஆடாத எவளும் கல்யாண மண்டபத்தில் அதைச் செய்யமாட்டாள்.

முன்வரிசையில் மாப்பிள்ளையின் சித்தப்பா பேயாண்டி உட்கார்ந்திருந்தார். ஊர்த் திருவிழாவுக்கு ஆட்டக்காரிகளை ஏற்பாடு செய்கிறவர்.

பக்கத்திலிருந்தவனை இடித்தார். "தம்பி, தொட்டுக் கும்பிட்டுச்சு, பாத்தியா?"

"பாத்தேண்ணே. மில்லுப் பொண்ணுன்னுல்ல சொன்னாக?"

"மில்லுல மேடை எங்கிட்டுடா இருக்கு?"

நாலு பேர் சிரித்தார்கள். பேயாண்டி சட்டையில் குத்தியிருந்த வரவேற்பு அட்டையைக் கழற்றி, அதன் ஊசியை எடுத்தார். இன்னொரு கையில் நோட்டு. மேடை ஏறி வந்தார். "தாயி, ஒண்ணு குத்திக்கிறட்டுமா?"

மருது கீழே நின்றான். இடுப்பிலிருந்த மீனாவை அவன் இறுக்கிய இறுக்கில் அவள் அழ ஆரம்பித்தாள். முனீஸ்வரி பிள்ளையைத்தான் பார்த்தாள். வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

ராமக்காள் எங்கிருந்தோ வந்தாள். முழங்கால் மடங்காத பொம்பளை. பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். மேடையைத் தொட்டாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"என்ன பேயாண்டி பாக்குறீக? எங்க வீட்டுல மணமேடையத் தொட்டுக் கும்பிட்டுத்தான் ஏறுவோம். உங்க வீட்டுல செருப்போட ஏறுவீகளோ?"

பேயாண்டி காலைப் பார்த்தார். செருப்பு இருந்தது. கூட்டம் இப்போது அவரைப் பார்த்துச் சிரித்தது.

"எடுத்த நோட்டை உள்ள வைக்காதீக. பொண்ணுக்குக் குத்துங்க."

அவர் தமிழ்வாணியின் சமிக்கித் தோளில் நோட்டைக் குத்தினார். கை தட்டினார்கள். பெண் வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

அப்புறம் மருது தொட்டுக் கும்பிட்டு ஏறினான். தமிழ்ச்செல்வி புரியாமலே கும்பிட்டாள். இடுப்பிலிருந்து இறங்கிய மீனாவையும் குனிய வைத்தார்கள். போட்டோக்காரர் கை காட்டினார். "பாட்டிம்மா, நீங்க கும்பிட்டது வீடியோவுல விழுகல. இன்னொருக்கா."

ராமக்காள் இன்னொருக்கா குனிந்தாள்.

திரும்பும் பஸ் திருமங்கலத்தைத் தாண்டியது. ராமக்காள் முந்தானையைத் தண்ணீரில் நனைத்து மருமகளின் உதட்டைத் தேய்த்தாள். தோல் கன்றியது. சிவப்பு போகவில்லை.

"என்ன எழவுடி இது?"

"அழியாத மையாம் அத்த. நாளைக்கு வரைக்கும் நிக்குமாம்."

"அப்ப நாளைக்கு வரைக்கும் வாயக் கட்டு." மகனின் துண்டை உருவிக் கொடுத்தாள். "இனி கடைக்குப் போக வேணாம். துணிய வீட்டுக்கு வாங்கியாரச் சொல்றேன். கதவச் சாத்திட்டுத் தை. கல்யாணம், காதுகுத்து எதுக்கும் நீ வரக்கூடாது. நான் ஆடாத மேடைய என்னையக் கும்பிட வச்சுட்டேல்ல."

மருது சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

பழங்காநத்தத்தில் இறங்கி வீட்டுக்கு வந்தார்கள். வாசலில் இரண்டு படி. மீனா முன்னால் ஓடினாள். முதல் படியில் நின்று, குனிந்து, தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, மேலே ஏறித் திரும்பிச் சிரித்தாள்.

ராமக்காளின் கை பிள்ளையின் முதுகில் விழுந்தது.

எதிர்வீட்டு இருளாயி எட்டிப் பார்த்தாள். "ஏன்த்தா, நல்ல நாளும் அதுவுமா புள்ளைய அடிக்கிறீக?"

முனீஸ்வரியின் வாயைச் சுற்றித் துண்டு இருந்தது. அழுகிற பிள்ளையைத் தூக்கக் குனிந்தாள். விலாவில் சமிக்கி பிறாண்டியது. பட்டி மடங்கிச் சிவப்பு மின்னியதை ராமக்காள் பார்த்துவிட்டாள். உள்ளே போய்க் கத்திரிக்கோலைத் தேடினாள்.

"உன் ஜாக்கெட்டு அம்புட்டையும் கொண்டாடி. உள்பக்கம் திருப்பிக் கொண்டா."