நான்தான்

தண்ணீர்க் கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கோழிக் கொட்டகைக் கதவுக்கு வெளியிலிருந்தே அவள் குரல் கொடுத்தாள். "நான்தான்... நான்தான்..."

அப்படிச் சொல்லாமல் உள்ளே கால் வைக்கக் கூடாது. அந்தக் கோழிகளுக்கு மண்டை எலும்பே மேடு தட்டியிருக்கும். அதன்மேல் பந்து போல இறகுக் கொண்டை மண்டிக் கண்ணை மறைக்கும். கிட்டே வரும்வரை ஆள் தெரியாது. சட்டென்று கை பட்டால் மிரண்டு சுவரில் மோதிச் சாகும். முன்பு இருந்த வேலையாள் சத்தமில்லாமல் நுழைந்ததில் ஏழு செத்தன. அபூர்வ இனம், நாடு முழுக்கத் தேடினாலும் இருநூறு தேறாது என்று பண்ணை மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டான்.

அதற்கப்புறம் எல்லாம் அவள்தான். அவள் குரல் கேட்டால்தான் அதுகள் கிட்டே வரும். கொண்டை நனைந்தால் சளி பிடிக்கும் என்று வாய் குறுகிய கிண்ணத்தில்தான் தண்ணீர் வைப்பாள். முட்டையிடுவதோடு சரி, அடைகாக்க அதுகளுக்குப் பொறுமை கிடையாது. "பெத்துப் போட்டுட்டு ஊர் சுத்தக் கெளம்பிடுவீங்களே மகாராணிங்களா" என்று திட்டிக்கொண்டே முட்டைகளைப் பொறுக்குவாள். அவளும் பள்ளிக்கூடம் போகும் மகளும் கொட்டகைக்குப் பின்னாலிருந்த பண்ணை அறையில் குடியிருந்தார்கள்.

பத்து மணி வாக்கில், அவள் கொட்டகைக்குள் இருந்தபோது மேஸ்திரி வந்தான். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான்; அவள் கையால் சாப்பிடாத வாரம் கிடையாது. நாளையிலிருந்து தன் மச்சான் வருகிறான், அவள் வேலையை விட்டு நின்றுகொள்ளலாம், அறையையும் காலி செய்ய வேண்டும் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அவரு குரலுக்கு இதுங்க வராது தம்பி."

அவன் செல்போனை அழுத்தினான். அவள் குரலே வந்தது. வீட்டில் குழந்தை சாப்பிட அடம்பிடிக்கிறது, கோழியைக் கூப்பிடுவது போல ஒரு தடவை சொல்லுக்கா என்று போன மாதம் கேட்டிருந்தான். பிள்ளைக்குத்தானே என்று ஒன்றுக்கு மூன்று தடவை ஆசையாகச் செல்போனில் பேசிக் கொடுத்திருந்தாள். கூடப் பிறந்தவனாக நினைத்தவன் கழுத்தை அறுத்துவிட்டான்.

கோழிகள் நாலடி வந்து மிரண்டு நின்றன. குரலோடு மின்விசிறி இரைச்சலும் பதிந்திருந்தது. அவளுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

"சரியா பதியல," என்றான் மேஸ்திரி. "இன்னொரு தடவை சொல்லிடுக்கா. பாப்பா பரீட்சை முடியற வரைக்கும் ரூம்ல இருந்துக்க. மொதலாளிகிட்ட நான் பேசிக்கறேன்."

பரீட்சை முடியப் பன்னிரண்டு நாள் இருந்தது. அறையை விட்டால் போக்கிடம் கிடையாது.

"நீயெல்லாம் ஒரு தம்பியாடா," என்றாள்.

அவன் போய் மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்தான். செல்போனை அவள் வாயருகே பிடித்தான். அவள் கூப்பிட்டாள். கோழிகள் ஓடிவந்து அவள் கால்களைச் சுற்றி நெருக்கியடித்து நின்றன.

அவன் கதவருகே போய் அதை ஓடவிட்டான். "நான்தான்... நான்தான்..." அவள் வாயை மூடிக்கொண்டு நின்றாள். கோழிகள் தலையைச் சாய்த்துக் கேட்டன. பிறகு ஒவ்வொன்றாக, அவள் பாதத்தை மிதித்துக்கொண்டு கதவை நோக்கி ஓடின.