கங்காணி இல்லாத பெரட்டு

1.
உண்மையைச் சொல்லிர்றேன், இந்தக் கதை என்னோடது இல்ல. க்ளினிக்ல ப்ரெஷர் குளிசைக்குக் காத்திருந்தப்ப, பக்கத்துல உக்காந்திருந்த நாகலெட்சுமிகிட்ட வாங்கினது. தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுக்கிறவ, எனக்குத் தங்கச்சி வயசு. அவ தம்பி சுதாகரனுக்கு மாசா மாசம் ஊசி. சிசோஃப்ரினியா.

"எழுதுங்க. ஆனா பைத்தியம்னு எழுதினீங்க, வீடு தேடி வருவேன்"ன்னா. வரக்கூடிய ஆள்தான்.

2.
முதல்ல எழுதின தொடக்கம்: "சுதாகரன் நின்றான் மழை அவன் பெயரை நாய் குரைத்து கங்காணியின் சட்டை மழை —"

அவன் மூளை இப்படித்தான் ஓடும்னு நானே வாக்கியத்தைப் பிச்சுப் போட்டேன். பெரிய கெட்டிக்காரன்னு நெனப்பு! வாசிச்சுக் காட்டினா அவ சிரிச்சுட்டா. "பேச்சுதாங்க நடுவுல அறுந்துபோகும். அவன் முழுசாத்தான் இருக்கான்." அடிச்சிட்டேன். நீங்க பாக்கணும்னு அழிக்காம விட்டிருக்கேன்.

(க்ளினிக் டாக்டரம்மா சொன்னது: நம்ம எல்லாருக்கும் மனசுக்குள்ள ஒரு பேச்சு ஓடிக்கிட்டே இருக்கு. அது நம்ம பேச்சுதான்னு மூளை அடையாளம் வச்சுக் குடுக்கும். இவனுக்கு அந்த அடையாளம் தப்பிப்போகுது, அதனால சொந்த நெனப்பே வெளிய நின்னு கூப்பிடுற குரலாக் கேக்குது. தேவையில்லாத சத்தத்தைத் தள்ளி வைக்கவும் முடியறதில்ல. தகரத்துல விழுற மழையும் பக்கத்து வீட்டுக் காம்பரா இருமலும் ஒரே கனத்துல வந்து விழும். தேத்தண்ணி ஊத்தப் போனா, அடுப்பு மூட்டினதுக்கப்புறம் என்னன்னு நூல் விட்டுப்போகும். லயத்து வரிசை வீடுகள்ல இதுக்கு வச்ச பேரு சோம்பேறித்தனம்.)

3.
அவனுக்குக் கேக்குறது வீரய்யா கங்காணியோட குரல். மனுசன் வேலையை விட்டுப் போயி பத்து வருசமாச்சு. காலையில வேலைக்கு முன்னாடி ஆளுங்களை வரிசையா நிறுத்துற பெரட்டுல கங்காணி பேர் வாசிச்சா "இருக்கேங்க"ன்னு சொல்லணும், வேலை பிரிச்சுக் கலைச்சு விடுற வரைக்கும் நிக்கணும். சுதாகரன் பாதிச் சோத்துல எந்திரிச்சு "இருக்கேங்க"ம்பான்.

அதனால அக்காவும் தம்பியும் ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டாங்க. குரல் கேட்டா அவ மொகத்தைப் பாப்பான். "அக்கா, நெசமா?" அவ ஆமான்னு தலையாட்டினா நெசம், இல்லாட்டி இல்ல. ஒரு தடவைகூட அவ மாத்திச் சொன்னதில்ல.

4.
போன மாசம் ஊசி தவறிப்போச்சு, குரல் ஓங்கிருச்சு. இந்த மாசமும் தவறினா வார்டுல வைக்கணும்னுட்டாங்க. ஊசி நாள் காலையில பாத்தா பாயில ஆளில்ல. எல்லாரும் கொழுந்து எடுக்க மலைக்குப் போயிட்டாங்க, பெரட்டுக்களத்துல மழையில அவன் மட்டும் நிக்கிறான். க்ளினிக்குக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ற ஒரே பஸ் நுவரெலியா பஸ், அதுக்கு இன்னும் பத்து நிமிசம்.

"வாடா, பஸ் வந்துரும்."

"பெரட்டு கலையலக்கா. நில்லுன்னாரு."

"யாருமில்லடா இங்க."

"நீ சொன்னா சரிதான்க்கா. ஆனா காலு அவரு பேச்சைத்தான் கேக்குது. கலைஞ்சு போகச் சொல்லிட்டாருன்னு ஒரு வார்த்தை சொல்லேன், வந்துர்றேன்."

[முடிவு அ: "சொல்லிட்டாருடா"ன்னு அவ தலையாட்டுறா. அவன் பஸ் ஏறுறான். ஊசி போட்டாச்சு, சுபம்.
அடிச்சிட்டேன். எது நெசம்னு பாக்க அவனுக்கு மிச்சமிருக்கிறது அவ மொகம் ஒண்ணுதான். அதையும் பொய்யாக்கிட்டா நாளைக்கு யாரைப் பாப்பான்?
முடிவு ஆ: பஸ் போயிருது. வார்டுக் கதவுல அவன் திரும்பிப் பாத்து —
மனசு வரலங்க.]

5.
"எனக்குக் கேக்கலடா. கேக்காததைக் கேட்டேன்னு ஒன்கிட்ட மட்டும் சொல்ல மாட்டேன்"னா நாகலெட்சுமி. சொல்லிட்டு, குடையை அவன் பக்கம் சாச்சுப் பிடிச்சு, பெரட்டுல நிக்கிற மாதிரியே பக்கத்துல வரிசையா நின்னா.

கீழ வளைவுல ஹோர்ன் அடிச்சுது. அவன் சட்டுனு அவ மொகத்தைப் பாத்தான்.

"அக்கா, இது நெசமா?"

"ஆமாடா தங்கம். இது நெசம்."

அவன் குனிஞ்சு தன்னோட காலைப் பாத்தான்.

அதுக்கப்புறம் நடந்ததை அவ என்கிட்ட சொன்னா. நான் எழுத மாட்டேன். இந்தக் காலைப்பொழுது ஒரு தடவையோட முடியிறதில்ல, அடுத்த மாசமும் வரும்.

நீங்க அந்த பஸ்ல ஜன்னலோரம் உக்காந்திருக்கீங்க. வேலைக்கு நேரமாச்சு, தெரியும். கண்டக்டர் மணியடிக்கக் கையைத் தூக்குறாரு. கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்களேன், சிங்களத்துல "பொட்டக் இன்ன மல்லி"ன்னு. ரெண்டு பேர் வரணும்.