ஜன்னலோரம் நிற்கிறவன்

கமலநாதன் முதன்முதலாக அதைக் கேட்டது, ஆஸ்பத்திரி வார்டில் தங்கை லோகேஸ்வரி அவருக்குக் காலைக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோதுதான்.

“அவன் எவ்ளோ நேரம்மா நின்னுக்கிட்டே இருப்பான்? உக்காரச் சொல்லு.”

“யாரண்ணே?”

“நம்ம குணாதான்.”

லோகேஸ்வரி திரும்பிப் பார்த்தாள். ஜன்னலோரத்தில் யாரும் இல்லை. வெளியே கிள்ளான் நகரம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

குணசீலன் வீட்டின் கடைக்குட்டி. இருபது வயதில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவன், அதன்பிறகு வரவேயில்லை. தீபாவளிக்குத் தீபாவளி அண்ணனின் லோரி கம்பெனிக்குப் போன் செய்து நலம் விசாரிப்பான். அம்மா வீரம்மா அந்த விசாரிப்பைக் கேட்டே பத்து வருடம் உயிரோடு இருந்தாள்.

வார்டுக்கு வந்த டாக்டர் விஷ்ணுப்ரியாவிடம் லோகேஸ்வரி விஷயத்தைச் சொன்னாள். நுரையீரலில் தொடங்கிய புற்றுநோய் எலும்புவரை போயிருந்தது. வலிக்கு மார்பின் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

“மருந்தாலயும் இருக்கலாம் ஆன்டி. இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். எதிர்த்துப் பேசாதீங்க, பயப்படுவாரு.”

லோகேஸ்வரிக்கு வேறு யோசனை வந்தது. மதியம் அண்ணன் தெளிவாக இருந்த நேரம் பார்த்துக் கேட்டாள்.

“குணாவோட நம்பர் கொடுண்ணே. நான் பேசறேன். சிங்கப்பூர் என்ன தூரமா? உன்னை ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போகட்டும் லா.”

கமலநாதன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

“நம்பர் இல்ல.”

“வருஷா வருஷம் பேசறவன் நம்பர் இல்லையா?”

“அவன் பேசினதே இல்லம்மா.”

லாக்கரில் இருந்த தன் பழைய தோல்பையை எடுக்கச் சொன்னார். லைசன்சுக்குப் பின்னால் எட்டாக மடித்த தாள் ஒன்று இருந்தது. இறப்புப் பத்திரம். குணசீலன் என்ற பெயர். இருபத்தேழு வருடத்துக்கு முந்தைய மார்ச் மாதத் தேதி. இடம், ரவாங்.

அவர் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். கண்ட பையன்களோடு சுற்றுகிறான் என்று குணாவை அறைந்து, இந்த வாசப்படி மிதிக்காதே என்று விரட்டியது அவர்தான். ஒன்பதாம் நாள் போலீஸ் கம்பெனிக்குப் போன் செய்தது. மோட்டாரில் போனவன் ரவாங் பக்கம் லோரியில் மோதியிருந்தான். அம்மாவுக்கு அப்போதுதான் நெஞ்சில் ஆப்ரேஷன் முடிந்திருந்தது. கூட்டாளிகள் இரண்டு பேரை வைத்துக்கொண்டு அவரே எரித்து, சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டு வந்து, குணா சிங்கப்பூர் போயிட்டான் என்று வீட்டில் சொல்லிவிட்டார்.

“ஒரு மாசத்துக்குத்தான் அந்தப் பொய். அம்மா தேறினதும் சொல்லிடலாம்னு இருந்தேன்.”

லோகேஸ்வரி தாளை மடித்த மடிப்பிலேயே மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் தன் வீட்டுக்குப் போகக் கொமுட்டர் ரயில் ஏறினாள். பாதி வழியில்தான் அவளுக்குத் தன் கல்யாண நாள் நினைவுக்கு வந்தது. மணவறைக்குப் போகும்முன் அண்ணன் ஓடிவந்து காதில் சொன்னார்: “குணா பேசினான். மூக்கி அழக்கூடாதுன்னான்.” மூக்கி என்று அவளைக் கூப்பிடுகிறவன் குணா ஒருவன்தான். அதனால்தான் நம்பினாள். சந்தோஷத்தில் மை கரைய அழுதாள். அன்றைக்கு அவன் செத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. செத்தவன் வாயை இரவல் வாங்கி அண்ணன் அவளை வாழ்த்தியிருக்கிறார்.

மறுநாள் அவள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாள் காலை வார்டு நர்ஸ் மிஸ்ஸி போனில் கூப்பிட்டாள்.

“ஆன்டி, அங்கிள் தண்ணிகூடக் குடிக்கல. துடைக்க விட மாட்டேங்கிறாரு. ஜன்னலையே பாத்துக்கிட்டு இருக்காரு.”

போனாள். கோபம் குறையாமலேதான் போனாள். வெந்நீரில் துண்டை முக்கி அவர் முதுகையும் கையையும் துடைத்தாள். எலும்பு எலும்பாகக் கைக்குத் தட்டுப்பட்டது. துடைத்துக்கொண்டே கேட்டாள்:

“அன்னிக்கு என்ன சட்டை போட்டிருந்தான்?”

“நீலக் கட்டம்.”

“மூஞ்சி?”

“மூஞ்சி இல்லம்மா. காலைப் பாத்துத்தான் இவன்தான்னு சொன்னேன்.”

துண்டைப் பிழிந்து மறுபடி வெந்நீரில் முக்கினாள்.

“இப்ப எப்படி இருக்கான்?”

“இப்ப மூஞ்சி நல்லா இருக்கு. அதான் பயமா இருக்கு. ஒண்ணும் பேச மாட்டேங்கிறான். பாத்துக்கிட்டே இருக்கான். நான்தானே மிதிக்காதேன்னேன். நான்தான் வான்னு சொல்லணும். வாய் வரலம்மா.”

லோகேஸ்வரி ஜன்னல் பக்கம் திரும்பினாள். யாருமில்லை என்று தெரிந்தும் நிமிர்ந்து பார்க்கத் துணிவில்லை. தரையைப் பார்த்தபடியே பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து அங்கே போட்டாள்.

“உள்ள வாடா குணா. அண்ணன் கூப்பிடறாரு. உக்காரு.”

கமலநாதன் நெடுநேரம் அந்த நாற்காலியையே பார்த்தார். பிறகு வாயைத் திறந்து தண்ணீர் கேட்டார்.

சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் பக்கத்துக் கட்டிலுக்கு வந்த ஒருவர் கேட்டார்: “அக்கா, இந்த நாற்காலி சும்மாதானே இருக்கு? எடுத்துக்கவா?”

“இல்லண்ணே, ஆள் இருக்கு” என்றாள். சொன்ன பிறகுதான் தன் குரல் தன் காதில் விழுந்தது.

இரண்டு நாள் கழித்து, மதியச் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், அவள் கையைப் பிடித்தபடியே கமலநாதன் போய்ச் சேர்ந்தார். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

உடலை வீட்டில் கிடத்தியிருந்தபோது செந்தூலிலிருந்து சின்னம்மா இராஜம்மா வந்தாள். எண்பத்து நான்கு வயது. சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிவந்தார்கள். அழுது ஓய்ந்ததும் லோகேஸ்வரியின் முகவாயைத் தொட்டுக் கேட்டாள்:

“சின்னவனுக்குச் சொல்லியாச்சாம்மா? கொள்ளி வைக்கவாவது வரானா?”

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். கைப்பையில் அந்தத் தாள் இருந்தது. இப்போது சொல்லிவிடவேண்டியதுதான் என்று வாயைத் திறந்தாள். சின்னம்மாவின் பஞ்சடைந்த கண்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.

“போன் பண்ணேன் சின்னம்மா. லீவு கிடைக்கலையாம்.”

“பாவம். என்னம்மா சொன்னான்?”

லோகேஸ்வரி கொஞ்சம் யோசித்தாள்.

“அழுதான்” என்றாள்.