இரண்டு ரப்பர் துண்டுகள்

1

இது நான் யோசித்துக் கண்டுபிடித்த கதை இல்லை. என் ஜன்னலுக்குக் கண்ணாடி போட வந்தவர், வேலை முடிந்து தேநீர் குடிக்கும்போது தானாகச் சொன்னது. "நீங்க எழுதுறவராச்சே, இதை வச்சுக்கோங்க" என்று பையிலிருந்து இரண்டு கறுப்பு ரப்பர் துண்டுகளை எடுத்து என் மேசையில் வைத்தார். ஒவ்வொன்றும் பாதித் தீப்பெட்டி அளவு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'வங்கியை நோக்கி மக்கள் வெள்ளம் பொங்கி—'

(அடித்துவிட்டேன். வந்தவர்கள் அறுபது பேர். வெள்ளமாவது ஒன்றாவது.)

2

கண்ணாடிக்காரர் அன்று காலை வங்கி முகப்பில் ஆளுயரக் கண்ணாடி மாட்டிக்கொண்டிருந்தார். பெரிய ஆலை முதலாளியின் கடனைத் தள்ளுபடி செய்துவிட்டு, சின்னக் கடன் பாக்கிக்காக ஒரே தெருவில் நாற்பது வீடுகளுக்குப் பூட்டுப் போட்ட வங்கி அது. பூட்டிய வீடுகளில் ஒன்று அவருடைய அக்காவின் வீடு. அதை எதிர்த்து நடக்கும் பத்து மணி ஊர்வலத்தில் அக்கா முன்வரிசையில் வருவாள்.

"நீயும் வாடா" என்று முந்தின நாள் கூப்பிட்டிருந்தாள்.

"வேலை இருக்குக்கா."

எங்கே வேலை என்பதை மென்று விழுங்கிவிட்டார்.

மேலாளர் இரண்டு முறை வந்து, "கூட்டம் வர்றதுக்குள்ள முடிங்க" என்றார். அவர் விரட்டாவிட்டாலும் இவர் அவசரப்பட்டிருப்பார். அந்த வாசலில் தம்பி கண்ணாடியும் கையுமாக நிற்பதை அக்கா பார்த்துவிடக் கூடாது. இரும்புச் சட்டத்தில் கண்ணாடியை இறக்கும் முன் அடியில் இரண்டு ரப்பர் துண்டுகள் வைக்க வேண்டும். சூடேற்றி இறுக்கிய அந்த வகைக் கண்ணாடியின் விளிம்பு இரும்பில் பட்டால், வெயில் ஏறும்போது மொத்தமாக வெடித்துச் சிதறும். துண்டுகளைச் சட்டைப்பையில் எடுத்து வைத்திருந்தார். பையிலேயே இருந்துவிட்டன.

(இருபது வருடம் தொழில் செய்தவர் இதை மறப்பாரா? நானும் கேட்டேன். "வெக்கம் வந்தா கண்ணு தெரியாதுங்க" என்றார்.)

3

பன்னிரண்டரை மணி. அறுபது பேரும் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். யார் கையிலும் கல் இல்லை. கண்ணாடி தானாக வெடித்தது. உள்ளே நின்ற காவலாளிக்கு வலது கண் போயிற்று.

கல் எறிந்தார்கள் என்றது போலீஸ். கண்ணாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அக்கா. தேடியும் கல் கிடைக்கவில்லை. அதையும் அவள்தான் ஒளித்துவைத்தாள் என்று எழுதிக்கொண்டார்கள்.

'அக்கா அஞ்சவில்லை. அவள் கண்களில் நெருப்பு—'

(வேண்டாம். அக்கா அழுதாள். பார்க்கப் போன தம்பியிடம் கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேசினாள்.)

"நான் கையைக்கூடத் தூக்கலடா. நீயாவது நம்புறியா?"

"நம்புறேன்க்கா."

"நீ ஒருத்தன் நம்புனா போதும்."

திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றுவிட்டு வந்தார்.

4

முடிவுக்கு வருவோம். அவர் நீதிமன்றத்தில் போய் உண்மையைச் சொல்கிறார், அக்கா வெளியே வருகிறாள், இவர் உள்ளே போகிறார் என்று எழுதினேன். தேடிப்போய்ப் படித்தும் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். "ஆனா நான் அவ்வளவு நல்லவன் இல்லீங்களே. எனக்கு ரெண்டு பொண்ணுங்க."

சொல்கிறார், யாரும் நம்பவில்லை என்றும் எழுதிப் பார்த்தேன். அக்காவைக் காப்பாற்றத் தம்பி புளுகுகிறான் என்பார்கள். அவர்களுக்குத் தேவை ஒரு கல்தான், ரப்பர் துண்டு இல்லை.

இன்னொன்று: அவர் வாயே திறப்பதில்லை. புதுக் கண்ணாடி போட வங்கி அவரையே கூப்பிடுகிறது. போகிறார். இந்த முறை மறக்காமல் ரப்பர் வைக்கிறார்.

(இது என் கற்பனை இல்லை. கண்ணாடி வெடித்த மறுவாரமே நடந்துவிட்டது.)

5

உங்களிடம் ஒன்றை மறைத்தேன். துண்டுகளை அவர் கதை எழுதுவதற்காகக் கொடுக்கவில்லை. தன்னால் சொல்ல முடியாது என்று தெரிந்து, சொல்லக்கூடிய ஓர் ஆளைத் தேடி வந்திருக்கிறார். அந்த ஆள் மூன்று மாதமாகத் தொடக்கத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறான். எனக்கும் அந்த வங்கியில்தான் வீட்டுக் கடன்—

(அது காரணமில்லை. பயம். வெறும் பயம்.)

நாளை காலை பத்து மணிக்குத் தீர்ப்பு. நீதிமன்றம் என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். இந்தத் தாள்கள் காற்றில் பறக்காமலிருக்க அந்த இரண்டு துண்டுகளையும் மேலே வைத்திருக்கிறேன். நான் எழுந்து போவேன் என்று என்னால் எழுத முடியவில்லை.

கண்ணாடி ஏன் வெடித்தது என்பது இதுவரை இரண்டு பேருக்குத்தான் தெரிந்திருந்தது. இப்போது உங்களுக்கும் தெரியும்.