சோப்பில் ஒரு நகக்கோடு

அம்மா காய்ச்சல் வார்டு நர்ஸ். சிவப்பு சோப்பைத் தவிர உலகத்தில் யார் மேலும் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. கிருமிகளை வேண்டாத சொந்தக்காரர்கள் மாதிரிதான் பேசுவாள். "இடம் குடுத்தா உள்ள வந்து சட்டமா உக்காந்துக்கும்."

வேலைக்குக் கிளம்பும்போது, பின்வாசல் குழாயடியில் இருக்கும் சோப்பில் நகத்தால் கோடு கிழிப்பாள். பக்கத்துக்கு ஒரு கோடு; ஒரு பக்கம் எனக்கு, மறுபக்கம் அக்காவுக்கு. திரும்பி வந்ததும் முதல் பார்வை சோப்புக்குத்தான். கோடு அப்படியே இருந்தால், பள்ளி விட்டு வந்த நாங்கள் கை கழுவவில்லை என்று பொருள். அழிந்திருந்தால் எங்கள் கையை மோந்து பார்த்து, "ம், உள்ள போ" என்பாள்.

எனக்கு விளையாட்டு அவசரம். கட்டைவிரலை நனைத்துக் கோட்டை மட்டும் தேய்த்து அழித்துவிட்டு, அந்த வாசனையை உள்ளங்கையில் தடவிக்கொண்டு ஓடிவிடுவேன். அம்மா கண்ணிலேயே மண்ணைத் தூவிய பெருமை வேறு.

அந்த வருஷம் அக்கா டைபாய்டில் மூன்று வாரம் படுத்தாள். என் அழுக்குக் கைதான் காரணம் என்று எனக்குள் உதறல். அம்மாவோ, வார்டிலிருந்து தான்தான் கொண்டுவந்துவிட்டதாக முடிவு கட்டினாள். அதற்குப் பிறகு குளித்து உடை மாற்றாமல் உள்ளே வரமாட்டாள். தேய்த்துத் தேய்த்து முழங்கை வரை தோல் வெடித்தது. ஆசையாக ஓடினால், "தள்ளி நில்லு" என்பாள். உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முப்பது வருஷமாக வரவேயில்லை.

போன மாதம் அம்மா போய்விட்டாள். வீட்டை ஒழிக்க நானும் அக்காவும் வந்திருந்தோம். பரண் தூசியோடு கை கழுவப் போனால், குழாயடியில் சோப்பு காய்ந்து கிடந்தது. அதில் ஒரே ஒரு கோடு. தனியாக இருந்தவள், கடைசிவரை தன்னையே சோதித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

என்னால் தாங்க முடியவில்லை. அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

அக்கா சோப்பைக் கையில் எடுத்தாள். "நானும் அப்படித்தான்டா அழிச்சேன். என் கை அழுக்குதான் என்னைப் படுக்கப் போட்டுச்சுன்னு நினைச்சிட்டிருக்கேன்."

"அம்மாகிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"நீ சொன்னியா?"

யாரால் வந்த காய்ச்சலோ, பழியைச் சுமந்தது அம்மா.

"இதைப் பத்திரமா எடுத்து வெச்சுக்கலாம்" என்றேன்.

"கோடு அப்படியே இருந்தா அம்மா திட்டுவா" என்று அக்கா குழாயைத் திறந்தாள்.

விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று அம்மா சொல்லித் தந்தபடியே இருவரும் தேய்த்தோம். கோடு மெல்ல மறைந்தது. நான் அழுதுகொண்டிருந்தேன். அக்கா என் கையைப் பிடித்து மோந்து பார்த்தாள்.

"ம், உள்ள போ" என்றாள்.