சிப்பாய் குரைக்காத வெள்ளிக்கிழமை

அன்று எங்கள் வீட்டு வாசலில் இருந்தவர்கள்: செல்லச்சாமியாகிய நான், என் மனைவி சோணையம்மாள், எங்கள் ஒரே மகள் நாகலெட்சுமி. மாப்பிள்ளை வீட்டாரில் மாப்பிள்ளை வேலுச்சாமி, அவருடைய தாய்மாமன் மூக்கையா, மூக்கையாவின் மனைவி கருத்தம்மாள். தெருவுக்கு எதிர்ப்புறம் வேப்பமரத்தடியில் திருப்பாலைக்குடி மிளகாய் வியாபாரி வாவு முகம்மது. இவர்களோடு எங்கள் நாய் சிப்பாய். வேறு யாரும் இல்லை. இல்லாதவர்கள்தான் இன்று அதிகம் பேசுகிறார்கள் என்பதால் பெயர்களை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறாம் வருஷம், மாசி மாதம். எங்கள் ஊர் அபிராமத்துக்குக் கிழக்கே இருக்கிறது. வீட்டு வாசலை அடுத்துக் களம். களம் முழுக்கக் குண்டு மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வருகிறவர்களை 'வாங்க' என்று கேட்க வேண்டும். கூட்டத்துக்குப் பொதுவாக ஒரு 'வாங்க' சொன்னால் போதாது. பத்துப் பேர் வந்தால் பத்துப் பேரையும் முகம் பார்த்துத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். கேட்கப்படாதவர் அந்த வீட்டில் தண்ணீர் குடிக்க மாட்டார். எங்கள் வீட்டு வாசலிலிருந்து அப்படி யாரும் திரும்பிப் போனதில்லை. அந்த மாசி வரைக்கும் போனதில்லை.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பதினைந்து நாளைக்கு முன் மூக்கையா மாப்பிள்ளையோடும் மனைவியோடும் பெண் பார்க்க வந்தார். நான் எழுந்து நின்று மூன்று பேரையும் ஆளுக்கு மூன்று தடவை 'வாங்க' என்று கேட்டேன். அந்த ஒன்பதில் ஒன்றுகூட அவர்கள் காதில் விழவில்லை. சிப்பாய் அப்படிக் குரைத்தது. நான் சொன்னது என் காதிலேயே விழவில்லை என்பதுதான் உண்மை. மூக்கையா களத்தின் ஓரத்திலேயே சிறிது நேரம் நின்றார். மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வண்டிக்குத் திரும்பினார். மறுநாள் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்.

"வீட்டுக்காரர் வாயைத் தொறக்கலை. நாய்தான் வாங்கன்னு கேட்டுச்சு. நாய் கேட்டு நாங்க உள்ள வர முடியுமா?"

மாப்பிள்ளை வேலுச்சாமி பரமக்குடியில் பள்ளிக்கூட வாத்தியார். நாகலெட்சுமியை அபிராமத்துச் சந்தையில் ஒரு தடவை பார்த்திருக்கிறார். இந்தப் பெண்தான் வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்ததால், வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை வருவதாக மூக்கையா ஒப்புக்கொண்டார். அன்றும் நாய் குரைத்தால் இந்தச் சம்பந்தம் இல்லை என்று பேச்சு. அந்தப் பதினைந்து நாளும் நாகலெட்சுமி சோற்றைப் பிசைந்தாளே தவிரச் சாப்பிட்டதாகத் தெரியவில்லை.

நாயைக் கொல்லைப்புறம் மாட்டுத் தொழுவில் கட்டிப்போட்டோம். அது போட்ட ஊளையில், எங்கள் வீட்டில் யாருக்கோ முடியவில்லை என்று அக்கம்பக்கத்தார் விசாரிக்க வந்துவிட்டார்கள். வண்டியில் ஏற்றிக் கமுதிக்கு அனுப்பினோம். வண்டி திரும்பி வருவதற்கு முன்னால் நாய் வந்து சேர்ந்தது. குரைக்கும்போது முகத்தில் தண்ணீர் ஊற்றினால் நிறுத்தும் என்று யாரோ சொன்னார்கள். சோணையம்மாள் ஒரு செம்பு ஊற்றினாள். அது உடம்பைச் சிலுப்பிவிட்டு, இன்னும் ஊற்று என்பதுபோல நின்றது. நான் அதட்டிப் பார்த்தேன். நான் தொண்டையைக் கனைத்தால் தெருவில் போகிறவன் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைப்பான். சிப்பாய் மட்டும் அடங்கவில்லை.

"பேசாம யாருக்காச்சும் குடுத்துருவோங்க" என்றாள் சோணையம்மாள்.

"அப்ப என்னையவும் சேத்துக் குடுத்துருங்க ஆத்தா" என்றாள் நாகலெட்சுமி. குட்டியாக வந்த நாளிலிருந்து அதை வளர்த்தவள் அவள்.

எனக்கும் சம்மதமில்லை. வருகிறவர்களுக்குப் பயந்து நாயைத் தள்ளிவிட்ட வீடு, ஒரு நாயை அடக்கத் தெரியாத வீடு என்ற பெயர் எங்களுக்கு வேண்டாம்.

புதன்கிழமை வாவு முகம்மது வந்தார். வருஷா வருஷம் எங்கள் மிளகாயை எடுக்கிறவர் அவர். வேளை தவறாமல் தொழுகிறவர். நாயின் ஈர மூக்கு வேட்டியில் பட்டால் கழுவிவிட்டுத்தான் தொழ வேண்டும் என்பதால், எப்போது வந்தாலும் தெருவுக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்தடியில்தான் உட்காருவார். நாங்கள் பேசுவதெல்லாம் தெருவுக்குக் குறுக்கேதான். அன்று காலையில் நான் வயலுக்குப் போய்விட்டு வரும்வரை அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். நான் வந்து உட்கார்ந்த பிறகும் வெகுநேரம் எங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், ஒண்ணு சொல்லுவேன். கோவிச்சுக்கிறக் கூடாது."

"கோவம் வர்ற மாதிரி இருந்தா கோவிப்பேன். சொல்லும்."

"ஒங்க நாய் வர்ற ஆளுகளைப் பாத்துக் குரைக்கலை. ஒங்களுக்காகத்தான் குரைக்குது."

"என்ன ஓய் பேச்சு இது?"

"நீங்க வயலுக்குப் போயிருந்தப்ப வளையல்காரன் வந்தான். தபால்காரரு வந்தாரு. கொட்டடிச்சுக்கிட்டு ஒரு பக்கிரிசா வந்தாரு. இது தலையைத் தூக்கிப் பாத்துட்டுப் படுத்தே கெடந்துச்சு. பொறவு நீங்க வந்து ஒக்காந்தீக. கருவாட்டுக்காரி வந்தா. நீங்க ஒரு கனைப்புக் கனைச்சீக பாருங்க, அப்பத்தான் எந்திரிச்சு வானத்துக்கும் பூமிக்கும் குதிச்சுச்சு."

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். வாசலுக்கு வேற்று ஆள் வந்தால் 'யாரோ வர்றாக' என்று கத்துவது எங்கள் வீட்டு வழக்கமில்லை. வீட்டுத் தலைவர் தொண்டையை ஒரு தடவை கனைப்பார். உள்ளே இருக்கும் பெண்கள் அதைக் கேட்டு ஆள் வந்திருப்பதைத் தெரிந்துகொண்டு ஒதுங்கிக்கொள்வார்கள். என் அய்யா அப்படித்தான் செய்தார். அவருடைய அய்யாவும் அப்படித்தான். சிப்பாய் நான்கு வருஷமாக என் காலடியில் படுத்து வளர்ந்தது. நான் கனைத்தால் யாரோ வருகிறார்கள் என்பதை அதுவும் தெரிந்துவைத்திருக்கிறது.

"நீங்க கனைக்கவும் அது குரைக்குது. அதை அடக்குறதுக்கு நீங்க மறுபடி கனைக்கிறீக. அது இன்னும் ஆள் வருதாக்கும்னு கூடக் குரைக்குது. நீங்க இன்னும் பெலமாக் கனைக்கிறீக. இங்கன ஒக்காந்து பாத்தா அண்ணன் தம்பி பாகப்பிரிவினைச் சண்டை மாதிரியே இருக்கு மச்சான்."

உள்ளே சோணையம்மாள் சிரிக்கும் சத்தம் கேட்டது.

நான் நம்பவில்லை. தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தேன். ஒரு கோழிகூட இல்லை. கனைத்தேன். சிப்பாய் துள்ளி எழுந்து வெறும் தெருவைப் பார்த்துக் குரைத்தது. கிழக்கே பார்த்தது, மேற்கே பார்த்தது, யாரும் இல்லாததால் என்னைப் பார்த்தது. இரண்டாவது தடவையும் கனைத்தேன். மறுபடியும் அதே கூத்து. மூன்றாவது தடவைக்கு வாவு முகம்மது துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

"இது எங்க அய்யா கனைச்ச வீடு ஓய்" என்றேன்.

"யாரு இல்லைன்னா? வெள்ளிக்கிழமை ஒரு நாளைக்கு மட்டும் விட்டுக் குடுங்க. தொண்டை காஞ்சாத்தானே கனைப்பு வருது? கல்கண்டு ரெண்டை ஒரு கன்னத்துல ஒதுக்கிக்கங்க. அல்லா பாத்துக்குவான்."

வியாழக்கிழமை முழுக்க ஒத்திகை நடந்தது. நாகலெட்சுமி களத்து ஓரத்திலிருந்து விருந்தாளிபோல நடந்து வருவாள். நான் அவளை 'வாங்க' என்று கேட்க வேண்டும். நாற்பது வருஷமாக முன்னால் ஒரு கனைப்பு இல்லாமல் நான் எந்தப் பேச்சையும் ஆரம்பித்ததில்லை என்பது அன்றுதான் எனக்கே தெரிந்தது. ஆறு தடவை தவறிப்போனது. ஆறு தடவையும் சிப்பாய் தன் கடமையைச் செய்தது.

"அய்யா, அது சரியாத்தான் செய்யுது. நீங்கதான் இன்னும் படியலை" என்று மகள் சொன்னாள்.

வேறு நாளாக இருந்தால் அதட்டியிருப்பேன். பதினைந்து நாளைக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான் என்பதால் விட்டுவிட்டேன். ஏழாவது தடவை கல்கண்டை ஒதுக்கிக்கொண்டு, அடித்தொண்டையைத் தொடாமல் நாக்கு நுனியிலேயே 'வாங்க' என்றேன். சிப்பாய் வாலை ஆட்டியது.

வெள்ளிக்கிழமை காலை மாப்பிள்ளை வீட்டு வண்டி வந்து நின்றது. வாவு முகம்மது, மிளகாய் எடுக்க வேண்டிய நாள் இல்லாவிட்டாலும், வேப்பமரத்தடிக்கு வந்துவிட்டார். நான் எழுந்து நின்றேன்.

"வாங்க" என்று மூக்கையாவைக் கேட்டேன். "வாங்க" என்று கருத்தம்மாளைக் கேட்டேன். "வாங்க" என்று மாப்பிள்ளையைக் கேட்டேன். மூன்றும் தெளிவாகக் கேட்டன. மூக்கையா நாயைப் பார்த்தார். நாய் அவரைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. மூன்று பேரும் வந்து வாசல் பந்தலில் உட்கார்ந்தார்கள்.

நான் நினைத்துப் பார்க்காத ஒன்று அப்போது நடந்தது. கனைப்புச் சத்தம் கேட்காததால் பெண்கள் ஒதுங்கவில்லை. தண்ணீர்ச் செம்போடு சோணையம்மாள் நிலைப்படியிலேயே நின்றாள். அவள் பின்னால் நாகலெட்சுமி. வேலுச்சாமி நிமிர்ந்து பார்த்தார். அவளும் பார்த்துவிட்டு, நாயைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டாள்.

"இங்கிட்டு மழை எப்படி?" என்று மூக்கையா என்னைக் கேட்டார்.

வாயைத் திறந்தால் கனைப்பு வந்துவிடும். தலையை அசைத்தேன்.

"கம்மாய் பெருகுச்சா?"

அதற்கும் தலையை அசைத்தேன். மூக்கையாவின் நெற்றி சுருங்கியது. நிலைப்படியிலிருந்து சோணையம்மாள் பேச ஆரம்பித்தாள்.

"பாதிதான் பெருகுச்சு அண்ணே. மேமடைக்குத் தண்ணி ஏறலை. கீழ்ச்செய்யி மட்டும் வெளைஞ்சிச்சு. மொளகா இந்த வருசம் பரவாயில்லை, அந்தா காயுது பாருங்க."

எங்கள் வீட்டில் வெளியாள் முன்னால் ஒரு பெண் குடும்பத்துக்காகப் பேசியது அதுதான் முதல் தடவை. நிலபுலம், குலதெய்வம், பங்காளிகள் எல்லாவற்றையும் சொன்னாள். சொன்னதெல்லாம் சரி. தெற்கே இருக்கும் ஒரு வயலைக் கிழக்கே என்று சொன்னாள், அவ்வளவுதான். நான் திருத்தவில்லை. கருத்தம்மாள் நகர்ந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அந்த நேரம் பார்த்துக் கல்கண்டு கரைந்து தீர்ந்தது. களத்திலிருந்து ஒரு காற்றும் கிளம்பி, மிளகாய் நெடியை நேராகப் பந்தலுக்குக் கொண்டுவந்தது. என் தொண்டையில் எறும்பு ஊர்ந்தது. கண் கலங்கியது. மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தேன். அப்போது முக்கியமான பேச்சை ஆரம்பிப்பதற்காக மூக்கையா நிமிர்ந்து உட்கார்ந்து, நெஞ்சிலிருந்து ஒரு பெரிய கனைப்புக் கனைத்தார்.

சோணையம்மாள் கையில் செம்பு அப்படியே நின்றது. தெருவுக்கு அந்தப் பக்கம் வாவு முகம்மது எழுந்துவிட்டார். சிப்பாய் தலையைத் தூக்கி மூக்கையாவைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. கண்ணில் நீர் வழிய நான் அதைப் பார்த்தேன். அது தலையைத் தாழ்த்தி என் பாதத்தின் மேல் வைத்துப் படுத்துக்கொண்டது.

எங்கள் வீட்டு நாய் அடுத்த வீட்டான் கனைப்புக்குக் குரைக்காது. நான் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"என்ன, சம்பந்தம் பண்ணிக்கிறலாமா? பொண்ணைக் குடுக்கச் சம்மதந்தானே?" என்றார் மூக்கையா.

தொண்டையில் இருந்த அத்தனையையும் விழுங்கிவிட்டுத் தலையை அசைத்தேன்.

"வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?"

"அவுக தலையசைச்சா பத்திரம் எழுதுன மாதிரி அண்ணே" என்றாள் சோணையம்மாள். "மகளை அனுப்பப் போறோம்ல, கண்ணு கலங்கிப் பேச்சு வரலை அவுகளுக்கு."

கருத்தம்மாள் "அடி ஆத்தீ!" என்று தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெற்றிலை பாக்கு மாற்றினோம். மூன்று பேரும் எங்கள் வீட்டில் தண்ணீர் குடித்தார்கள், சாப்பிட்டார்கள், கை கழுவினார்கள். வண்டி கிளம்பிக் கம்மாய்க்கரையில் திரும்பும்வரை பொறுத்திருந்தேன். பிறகு ஒரு வேளை முழுக்க அடக்கியிருந்ததைச் சேர்த்துக் கனைத்தேன். சிப்பாய் களத்து ஓரம் வரை ஓடி நின்று ஆசைதீரக் குரைத்தது. வண்டியிலிருந்து வேலுச்சாமி திரும்பிக் கையை அசைத்தார். நாய்க்கா, வாசலில் நின்றவளுக்கா என்று நான் விசாரிக்கவில்லை.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. சிப்பாயும் நாகலெட்சுமியோடு பரமக்குடிக்குப் போய்விட்டது. அங்கே அது குரைப்பதே இல்லையாம். வாத்தியார் வீட்டில் கனைக்கிறவர்கள் யாரும் இல்லை. இங்கே நான் வழக்கம்போலக் கனைக்கிறேன். சோணையம்மாள்தான் இப்போதெல்லாம் ஒதுங்குவதில்லை. வந்தவர் யார் என்று எட்டிப் பார்க்கிறாள்.

அன்று வண்டியில் போகும்போது கருத்தம்மாள் தன் வீட்டுக்காரரிடம் ஏதோ கேட்டிருக்கிறாள். அது சந்தைக்கு வந்து, சந்தையிலிருந்து நாலு ஊருக்கும் போய்விட்டது. செல்லச்சாமி பிறவி ஊமையாம். 'வாங்க' என்ற ஒரே ஒரு வார்த்தையை மட்டும் திருப்பாலைக்குடி வியாபாரி ஒருவர் இரண்டு நாள் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாராம். அதை மறைத்துத்தான் மகளைக் கட்டிக்கொடுத்தாராம்.

அது பொய். நான் ஊமை இல்லை. அன்று என் வாயில் கல்கண்டு இருந்தது.